பதினைந்து சென்ட் சாம்ராஜ்யமும் ஒரு பாட்டில் தண்ணீரும்

இந்த ஓணத்துக்கு வெள்ளாயணி வட்டாரமே கண்டிராத ஒரு நேந்திரன் வாழைக்குலையை வெட்டுவது என்று தீர்மானித்தேன். சாதாரணக் குலை அல்ல. தூக்க நாலு பேர், முன்னால் போய் வழிவிடச் சொல்ல ஒரு ஆள்.

நான் தாணுமாலயன். நூலகத்தில் முப்பத்தோரு வருஷம் புத்தகங்களுக்கு எண் ஒட்டி ஓய்வு பெற்றவன். மண்ணியலில் மட்டும் பதினேழு புத்தகம் படித்திருக்கிறேன். மண்ணை மிதித்ததெல்லாம் செருப்போடுதான். ஓய்வுக்குப் பிறகு நகரத்தில் ஸ்ரீவராகத்துச் சந்து வீட்டை விட்டு, வெள்ளாயணிக் காயல் பக்கம் பதினைந்து சென்ட்டில் குடியேறினோம். பன்னிரண்டு வாழை, ஒரு கிணறு, ஒரு மனைவி. இவற்றுள் ஆழம் அதிகமானது மூன்றாவதுதான்.

அவள் பெயர் உலகம்மை. பூதப்பாண்டிக்காரி. ஒரு புத்தகமும் படிக்காமலேயே வாழைக்குச் சாணி கரைத்து ஊற்றுவாள். சீமைக்கொன்றைத் தழையை வெட்டி அடியில் போட்டு மூடுவாள். மண்ணைக் கிளறி மண்புழுவை எண்ணிச் சந்தோஷப்படுவாள். எனக்கு இது விஞ்ஞானமாகப் படவில்லை. மே மாதம் ஐந்து கிலோ யூரியா வாங்கிவந்து ஒரு நீல வாளியில் கொட்டினேன்.

"என்னது அது?"

"நைட்ரஜன். நாற்பத்தாறு சதவீதம்."

"கெணறு எட்டடியில இருக்கு. மழை பெஞ்சா இந்தச் சதவீதம் எல்லாம் எங்க போவும்?"

"வேருக்குப் போகும்."

"வழி கேட்டுக்கிட்டா போவும்? நம்ம மண்ணு ஊத்துனத எல்லாம் உள்ள உட்டுரும். நாளைக்கு அதுதான் நம்ம சாயா."

"பயிர் எடுத்துக்கொள்ளும், உலகு. புத்தகத்தில் தெளிவாக..."

"புத்தகத்துக்கு எட்டடியில கெணறு இருக்கா?"

பதில் இல்லாதபோது மனிதன் ஒப்பந்தம் போடுகிறான். நானும் போட்டேன். மூன்று மாதம் யூரியா போடுவேன். பிறகு கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கவேண்டும். தேறினால் பதினைந்து சென்ட்டும் என் ஆட்சி, உலகம்மை எதிலும் தலையிடக் கூடாது. தேறாவிட்டால் அவள் ஆட்சி, நான் ஆயுள் முழுக்க மண்ணைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

"ரெண்டாவது ரொம்ப நல்லாருக்கே," என்றாள் உலகம்மை. உடனே கையெழுத்தும் போட்டாள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அதன்பின் நான் வாழ்ந்தது வாழ்வு! பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மரத்துக்கு ஒரு பிடி. வெள்ளை வெள்ளையாய் உருண்டை உருண்டையாய் விழும். மழை பட்டதும் உருண்டைகள் ஊதிப் பெருத்தன. "மெதுவாகக் கரையும் ரகம்!" என்று அவளுக்கு விளக்கினேன். மைனாக்கள் கூட்டமாக வந்து கொத்தின. "பறவைகளுக்கும் நைட்ரஜன் தேவை," என்று அதற்கும் விளக்கம் தந்தேன். வாழைகளோ யானைக்கால் தடிமனில் எழுந்தன. நான் ஒவ்வொரு மரத்தையும் தட்டிக்கொடுத்தேன். உலகம்மை தன் பாட்டுக்குச் சாணி கரைத்துக்கொண்டிருந்தாள். தோற்கப்போகிறவள் ஏதோ செய்துவிட்டுப் போகட்டும் என்று பெருந்தன்மையாக இருந்தேன்.

கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது பதினெட்டாவது புத்தகத்தைப் படித்தேன். அங்கேதான் சனி பிடித்தது. கனமழையில் நைட்ரேட் இந்த மண்ணில் நிற்காது, நேரே கிணற்றுக்கு இறங்கிவிடும் என்று அதில் இருந்தது. உலகம்மை சொன்ன அதே விஷயம், கூடுதலாக நானூறு பக்கம்.

ஆயுள் முழுக்க வாய் திறக்காமல் நான் எதற்கு உயிரோடு இருக்க வேண்டும்?

உள்ளூரில் வாங்கினால் தெரிந்துவிடும் என்று, உலகம்மையிடம் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு, பஸ் பிடித்து நகரத்துக்கு, தம்பானூர் போனேன். ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீர் வாங்கினேன். அதைச் சோதனைக் குப்பியில் ஊற்றி, 'கிணற்று நீர், தாணுமாலயன்' என்று முத்து முத்தாக எழுதி ஒட்டினேன். பக்கத்துப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஊர்த் தண்ணீரைச் சோதிக்கும் ஸ்வப்னா டீச்சரிடம் ஒப்படைத்தேன்.

இரண்டாம் நாள் டீச்சரே ஒரு சின்னப் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"சாரே, அந்தக் கிணற்றை எனக்கொண்ணு காணணும்."

"ஏன் டீச்சர், தண்ணி மோசமா?"

"மோசமோ! இத்தனை சுத்தம் நான் கண்டதேயில்ல. இங்கத்தக் கிணறு எல்லாம் கொஞ்சம் புளிப்பு காட்டும், கொஞ்சம் இரும்பு காட்டும். சாரோட கிணற்றில் ஒண்ணுமே இல்ல. இதுக்கு மூடியும் சீலும் உண்டோ?"

டீச்சர் சிரிக்கவில்லை. உலகம்மையும் சிரிக்கவில்லை. கயிற்றை எடுத்து வாளியைக் கிணற்றில் இறக்கினாள்.

"புதுசா கோரித் தாரேன். என் முன்னால பாருங்க டீச்சரே."

டீச்சர் குழாயில் தண்ணீரை விட்டார். மருந்தைப் போட்டார். குலுக்கினார். என் மானம் ஐந்து மில்லிலிட்டரில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். நிறம் மாறவேயில்லை.

"நைட்ரேட் இல்ல. தைரியமா குடிக்கலாம்."

நான் துள்ளிய துள்ளலில் வேட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "ஜெயித்தேன்! மூன்று மாத யூரியா! கிணற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை! பார்த்தாயா உலகு?"

"பாத்தேன். இந்தத் தண்ணியவே குடுத்திருந்தா மானமும் மிஞ்சியிருக்கும். எதுக்குத் தம்பானூர் வரைக்கும் அலைஞ்சிய?"

"அது போகட்டும். யூரியா தீங்கில்லை என்பது நிரூபணமாகிவிட்டதா இல்லையா?"

"யூரியாவ நான் மறுநாளே கடையில திருப்பிக் குடுத்தாச்சு."

"அப்போ வாளியில் இருந்தது?"

"ஜவ்வரிசி. எங்க அக்கா மக கல்யாணத்துல மிஞ்சி, வண்டு விழுந்தது."

யூரியாவின் வேதிச் சூத்திரம் எனக்கு மனப்பாடம். முகம்தான் பரிச்சயமில்லை. பன்னிரண்டு வாழைக்கும் மூன்று மாதம் பாயசத்துக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன்!

"அப்படியானால் வாழை செழித்தது..."

"சாணியிலயும் தழையிலயும். வேற என்னத்துல?"

"மோசடி! ஒப்பந்தம் செல்லாது!"

"அதெப்படிச் செல்லாது? தண்ணி தேறிச்சா? தேறிச்சு. டீச்சரே சாட்சி. பதினஞ்சு சென்ட்டும் இனி உங்க ஆட்சி. நான் தலையிட மாட்டேன்." சாணித் தொட்டியையும் தழை வெட்டும் அரிவாளையும் என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். "கரைக்கது, வெட்டுதது, சுமக்கது எதுலயும்."

"அபிநந்தனங்கள் சாரே," என்று வாழ்த்தினார் ஸ்வப்னா டீச்சர்.

இப்போது தினமும் காலையில் சக்கரவர்த்தி முழங்கை வரை சாணியில் நிற்கிறார். நேற்று இடுப்பு வலி தாங்காமல் ஆட்சியை ராஜினாமா செய்தேன். அதில் தன்னால் தலையிட முடியாது என்று உலகம்மை சொல்லிவிட்டாள்.