இலக்குத் தகட்டுக்கு ரசமட்டம் வைத்தவன்

துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் எனக்கு ஒன்பது வருட சர்வீஸ். இன்றுவரை ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. லீவில் ஊருக்குப் போனால், அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என்னைக் காட்டி, "துபாய்ல துப்பாக்கி வேலை பாக்குறாப்ல" என்று யாராவது சொல்வார்கள். நானும் மறுக்காமல் முறைப்பாக டீயை உறிஞ்சுவேன். உண்மையில் நான் ஸ்டோர் கீப்பர். காதடைப்பான், பாதுகாப்புக் கண்ணாடி, காகித இலக்கு, டாய்லெட் பேப்பர் எல்லாவற்றையும் எண்ணி வைப்பதும், தீர்ந்தால் வாங்கி வருவதும்தான் வேலை. (டாய்லெட் பேப்பர்தான் சீக்கிரம் தீரும்.)

என்னை நம்பி ஒரே ஒரு தடவை ஒரு முக்கியமான சாமான் வாங்கச் சொன்னார்கள். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். மனைவி மல்லிகாவும் ஆறு வயது மகள் யாழினியும் ஃபேமிலி விசாவில் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சத்வாவில் ஒரு தையல்கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தோம்.

கிளப்புக்குப் பின்னால் மணல்மேட்டை ஒட்டித் திறந்தவெளி ரேஞ்ச் ஒன்றைப் புதிதாகத் தொடங்குவதாக இருந்தார் எங்கள் அர்பாப். (முதலாளியை இங்கே அப்படித்தான் சொல்வோம்.) அதற்கு இரும்புத் தகடு பொருத்திய இலக்கு ஸ்டாண்டு வேண்டும். தோட்டா பட்டால் 'டிங்' என்று சத்தம் வரவேண்டும். இன்று பத்து மீட்டரிலும் நாளை இருபது மீட்டரிலும் தூக்கி வைக்கிற மாதிரி கையடக்கமாக இருக்கவேண்டும்.

ரேஞ்சுக்குப் பொறுப்பாளர் கான் பாய். பாகிஸ்தான் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். பத்து நாள் லீவில் பெஷாவர் கிளம்பும் அவசரத்தில் அந்த ஸ்டாண்டைப் பற்றி எனக்கு விளக்கினார். (நாங்கள் பேசியது இந்தி. என் இந்தியை அப்படியே அச்சில் ஏற்றினால் இரு நாட்டு உறவும் கெடும் என்பதால் தமிழில் தருகிறேன்.)

"தகடு நல்ல கெட்டி இரும்பா இருக்கணும். கால் மணல்ல நிக்கணும். புரியுதா?"

"புரியுது பாய்."

"எதாவது புரியலேன்னா எனக்கு போன் பண்ணு."

"எல்லாம் புரிஞ்சுது பாய்."

"எதுக்கும் போன் பண்ணு."

போன் என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. அதையும் நான் பண்ணவில்லை.

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு கடை. மலையாளி சேல்ஸ்மேன் இரண்டு ஸ்டாண்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று கறுப்பு. கால்களுக்குக் கீழே தோசைக்கல் அளவு அகலமாகப் பட்டை. தூக்கிப் பார்த்தேன். இடுப்பில் ஏதோ சொடுக்கியது. இன்னொன்று பளபளவென்று குழாய்க் கால்களோடு, மடக்கினால் ஜிப் வைத்த பையில் அடங்கிவிடும். ஒற்றைக் கையால் தூக்கினேன். கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி என் பக்கத்தில் நின்றது.

"சாரே, எங்க வைக்கப் போறீங்க? மணல்லயா, சிமெண்ட் தரையிலயா?" என்று கேட்டார் அவர். நல்ல மனிதர். சரியான கேள்வி.

"ரெண்டுலயும்தான்" என்றேன்.

"எந்தத் துப்பாக்கிக்கு?"

"எல்லாத் துப்பாக்கிக்கும்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். துப்பாக்கிக் கிளப் ஆளிடம் மேற்கொண்டு என்ன கேட்பது என்று விட்டுவிட்டார். நான் குழாய்க்கால் ஸ்டாண்டைக் கடையின் டைல்ஸ் தரையில் நிறுத்தி, நிபுணனைப் போல் நான்கு பக்கமும் தட்டிப் பார்த்தேன். அசையவே இல்லை. மணல் தரையை அந்தக் கடைக்குள் எங்கே தேடுவது? வாங்கிவிட்டேன்.

மல்லிகாவிடம் காட்டுவதற்காக நேராக வீட்டுக்கே கொண்டுபோனேன். அறையின் நடுவில் நிறுத்திவிட்டுப் பார்த்தால் பகீர் என்றது. தகடு நேராக இல்லை. தலை முன்னால் கவிந்து, தரையைப் பார்த்தபடி இருந்தது. ஏமாந்துவிட்டேனே! உடனே சவுதியில், ஜுபைலில் ஃபிட்டராக இருக்கும் மைத்துனன் கதிரேசனுக்கு வீடியோ கால் போட்டேன்.

"காலைக் காட்டுங்க மச்சான். இப்பத் தகட்டைக் காட்டுங்க... ஆமா மச்சான், கோணிக்கிட்டுத்தான் இருக்கு. ஃபேக்டரி மிஸ்டேக்கு!"

"என்ன மாப்ள பண்றது?"

"கீழ போல்ட்டுல ரெண்டு வாஷரைக் குடுத்துப் பின்னாடி இழுங்க. ரசமட்டம் வெச்சுப் பாருங்க. இங்க பிளான்ட்டுல ஒரு நூல் சாஞ்சாலும் நம்மள சாய்ச்சுப்புடுவாங்க."

மல்லிகா சமையல் மூலையில் இருந்து எட்டிப் பார்த்தாள். "புதுசா வாங்கியாந்ததை எதுக்குங்க நோண்டுறீங்க? கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்னவாம்?"

"உனக்கு டெக்னிக்கல் தெரியாது. நீ பேசாம இரு."

இரண்டு வாஷருக்குப் பதில் நான்கு போட்டேன். ரசமட்டத்தைத் தகட்டில் செங்குத்தாக வைத்தபோது குமிழி கோட்டுக்கு நடுவில் வந்து நின்றது. போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டேன். கதிரேசன் கட்டைவிரலை உயர்த்தினான். அன்றைக்கு நான் சாப்பிட்ட மாதிரி நிம்மதியாக யாரும் சாப்பிட்டிருக்க முடியாது.

திறப்பு விழாக் காலை வந்தது. பத்து விருந்தினர்கள் கந்தூரா என்கிற நீண்ட வெள்ளை அங்கியில், எல்லோரும் பாதுகாப்புக் கண்ணாடியும் காதடைப்பானும் மாட்டிக்கொண்டு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பேரீச்சம்பழம் ஒரு தட்டில். அர்பாப் பக்கத்தில் கஹ்வா என்கிற அரபுக் காபி நிரப்பிய பளபளப்பான ஃபிளாஸ்க். கான் பாயின் விமானம் தாமதம். ஏர்போர்ட்டில் இருந்து பெட்டியோடு நேராக ரேஞ்சுக்கே ஓடிவந்தார்.

"ஸ்டாண்டு செக் பண்ணிட்டியா?" என்றார் மூச்சிரைக்க.

"நூறு பெர்சன்ட் பாய்."

அர்பாப் முதல் குண்டைச் சுட்டார். டிங்! கோயில் மணிபோல என்ன ஒரு நாதம். எல்லோரும் கைதட்டினார்கள். யாரும் என்னைப் பார்க்காவிட்டாலும் நான் லேசாகத் தலை வணங்கினேன்.

இரண்டாவது டிங். ஸ்டாண்டின் இடதுகால் மணலுக்குள் விரலளவு இறங்கியது. மூன்றாவதில் வலதுகால். நான்காவதில் இரண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் குழாய்க் கால்கள் புதைமணலில் மாட்டிய ஆள்போல் உள்ளே போய்க்கொண்டே இருந்தன. ஆறாவது குண்டில் முழங்கால் வரைக்கும் காணோம். ஒரு விருந்தினர் அரபியில் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். "ஸ்டாண்டுக்குத் தூக்கம் வருதாம்" என்று டீ கொண்டுவந்த நேபாளி எனக்கு மொழிபெயர்த்தான். நான் கேட்கவே இல்லை.

கான் பாய் சுடுவதை நிறுத்தி, துப்பாக்கியைக் காலி செய்து வைத்த பிறகு என்னை அனுப்பினார். அத்தனை பேர் பார்க்க மணலில் முட்டிபோட்டு, நாய் பள்ளம் தோண்டுவது மாதிரி தோண்டி, கால்களைப் பிடுங்கி, கீழே கற்களைக் கொடுத்து நிறுத்தினேன். கூடவே தகடு நேராக இருக்கிறதா என்று கண்ணை இடுக்கிச் சரிபார்த்துவிட்டும் வந்தேன். அதுதான் என் தலைவிதி.

அடுத்த குண்டு. டிங் கேட்டது. அதற்குப் பின்னால் 'டப்' என்று இன்னொரு சத்தம். அர்பாப் அருகில் இருந்த ஃபிளாஸ்க்கில் இருந்து கஹ்வா மெல்லிய தாரையாகப் பீய்ச்சி, பக்கத்து விருந்தினரின் வெள்ளைக் கந்தூராவில் இறங்கியது.

"ஸ்டாப்! ஸ்டாப்! ஹலாஸ்!" என்று கான் பாய் கத்தினார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் விறுவிறுவென்று போய்த் தகட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். பின்பக்கம் குனிந்து வாஷர்களைப் பார்த்தார். என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். நடந்துபோனேன்.

"இதை யார் நிமித்தினது?"

"நான்தான் பாய். கோணலா இருந்துச்சு. ரசமட்டம் வெச்சு..."

"கோணல் இல்லடா. தகடு முன்னால சாஞ்சிருந்தாத்தான் தோட்டா சிதறுனா துண்டு தரைக்குப் போகும். நீ நிமித்தி வெச்சா சுட்டவன் மூஞ்சிக்கே திரும்பி வரும்!"

அப்போதுதான் பார்த்தேன். அவருடைய கன்னத்தில், கண்ணாடிக்குக் கீழே, சின்னக் கீறல். ஒரு துளி ரத்தம். இன்னொரு துண்டு அவரிடம் போயிருக்கிறது. அவர் கைக்குட்டையால் அதைத் துடைத்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். திரும்பி அர்பாப்பிடம் போய் ஏதோ பேசினார். விழா முடிந்தது.

மத்தியானம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். யாழினியின் பள்ளிச் சீருடை கீழ்த் தையல்கடையில் இருந்து வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அளவு கொஞ்சம் பெரிதாக, வளர்வதற்கு இடம் விட்டுத் தைத்திருந்தார்கள். ஆணியில் தொங்கிய அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். விசா கேன்சல், மூன்று பேருக்கும் டிக்கெட், பஸ் ஸ்டாண்டு டீக்கடை எல்லாம் வரிசையாக வந்தன. அந்தக் கீறல் இரண்டு விரல்கடை மேலே, கண்ணாடி இல்லாத ஒருவர் முகத்தில் விழுந்திருந்தால் என்ற எண்ணம் மட்டும் வரிசையில் நிற்காமல் திரும்பத் திரும்ப வந்தது.

மல்லிகா எல்லாவற்றையும் கேட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "அந்தக் கான் பாய்க்கு மருந்து போட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

மறுநாள் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். கன்னத்தில் பிளாஸ்டரோடு கான் பாய் எனக்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தார். "நானே பார்க்காமல் ரேஞ்சைத் திறந்துவிட்டேன், தவறு என்னுடையது" என்று அவர் ஏற்கெனவே அர்பாப்பிடம் சொல்லி முடித்திருந்தார். அர்பாப் என்னிடம் திரும்பினார்.

"ஒய் யூ மேக் ஸ்ட்ரெய்ட்?"

"சார், இட் வாஸ் பெண்டிங் சார்."

அவர் வெகுநேரம் என்னையே பார்த்தார். அந்த நேரத்துக்குள் நான் மூன்று தடவை ஊருக்குப் போய்த் திரும்பினேன்.

"ஃப்ரம் டுடே," என்றார் விரலை நீட்டி, "யூ, டச் மாஃபி." இனி எதையும் தொடாதே என்று அர்த்தம். வேலை போகவில்லை.

வெளியே வந்ததும் கான் பாயின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"போன் பண்ணுன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு பாய்."

"எனக்கு ரெண்டு கண்ணும் இருக்கு. அதனால உன் வெக்கத்தைப் பாத்துச் சிரிக்க முடியுது" என்றார். ஆனால் சிரிக்கவில்லை. மறுவாரம் அவரே என்னை ஷார்ஜா கடைக்குக் கூட்டிப்போய் அந்தக் கறுப்பு ஸ்டாண்டை வாங்கினார். சேல்ஸ்மேன் என்னைத் தெரியாத மாதிரி காட்டிக்கொண்டார். பெருந்தன்மையான மனிதர்.

ஆனால் குடும்ப குரூப்பில் நான் போட்ட போட்டோவை யாரும் அழிக்கவில்லை. வாஷர் யோசனை சொன்ன கதிரேசனே சொந்தக்காரர் கல்யாணங்களில் கதையைத் தொடங்கிவைக்கிறான். (அவன் சொல்லும்போது வாஷர் முழுக்க முழுக்க என் யோசனை.) அவனுக்குப் பெண் பார்க்கப் போனபோது, "மச்சானை முன்னால விடாதீங்க, பொண்ணு வெக்கத்துல தலை குனிஞ்சா நிமித்தி விட்டுருவாரு" என்று அவனே சொன்னான்.

யாழினிக்கு இப்போது பதின்மூன்று வயது. வாயைத் திறந்தால் ஆங்கிலம். போன வாரம் சோபாவில் கழுத்து மடிந்து, முதுகு வளைந்து, போனுக்குள் தலையை விட்டுக் கிடந்தாள். "நேரா உக்காரும்மா" என்றேன்.

போனில் இருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னாள்: "அப்பா, ப்ளீஸ், டோன்ட் ஃபிக்ஸ் மீ. யாருக்காவது அடிபடும்."

உள்ளே இருந்து மல்லிகா சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.