செயலாளரின் காற்றோட்டம்

திருத்தணியில் புகைப்பழக்கம் என்றைக்கு ஒழிந்தது என்று வருங்கால வரலாற்று ஆசிரியர்கள் சண்டை போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. சென்ற ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள், காலை பதினொன்றே கால் மணிக்கு ஒழிந்தது. அன்றுதான் பவர்லூம் முதலாளி பரந்தாமன் 'தூய சுவாசக் குழு'வின் செயலாளராகப் பொறுப்பேற்று, தன் சிகரெட் பெட்டியை ஐம்பது பேர் பார்க்கக் காலால் மிதித்தார். குழுவின் தலைவர் ஜெகநாதன் அவருடைய மனைவியின் தம்பி. எல்லோரும் கைதட்டி ஓய்ந்த பிறகும் அவர் தட்டிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு பரந்தாமன் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. இதைக் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யலாம். துபாயிலிருந்து சகலை கொண்டுவந்த சின்னக் கருவி ஒன்றைத்தான் தொட்டார். பார்க்கப் பேனா மாதிரி இருக்கும். அடியில் பேட்டரி, தலையில் எண்ணெய்க் குப்பி. உறிஞ்சினால் ஆவி வரும். ஆவி வேறு, புகை வேறு என்று குழுவின் விதிகளில் ஒரு துணைவிதியே சேர்த்திருந்தார். 'மின்சிகரெட்' என்ற பெயரில் நாட்டில் அது தடை செய்யப்பட்ட பொருள் என்பது வாஸ்தவம்தான். ஆனால் தடை பொருளுக்குத்தானே, செயலாளருக்கு இல்லையே!

"இன்னாங்க அது?" என்று மனைவி வள்ளிநாயகி ஒருநாள் கேட்டாள்.

"வேப்பு."

"வேப்பிலை மருந்தா?"

"ஆங்."

"மாம்பழ வாசனை வருதே?"

"ஒட்டு மரம்" என்றார் பரந்தாமன். பொய்யைக்கூடச் சுருக்கமாகச் சொல்வதுதான் நிர்வாகத் திறமை.

இப்படிச் சீரும் சிறப்புமாக நடந்துகொண்டிருந்த தூய சுவாசத்துக்கு, ஒரு திங்கட்கிழமை காலையில் சோதனை வந்தது. பரந்தாமன் தறிக்கூடத்தின் பின்பக்கம் போய் உறிஞ்சினார். வரவில்லை. கன்னங்கள் இரண்டும் உள்ளே ஒட்டிக்கொள்ள உறிஞ்சினார். கண் பிதுங்கியதே தவிர ஆவி வரவில்லை. மத்தியானத்துக்குள், அறுந்த நூலுக்காக ஒரு தறிக்காரரையும், அறாத நூலுக்காக இன்னொருவரையும் திட்டினார். ஞாயிற்றுக்கிழமை குழுவின் மாபெரும் முகாம். அதுவரை இப்படியே இருந்தால் மேடையில் என்ன பேசுவது? தடை செய்யப்பட்ட பொருளுக்கு சர்வீஸ் சென்டர் கேட்டு யாரிடம் மனுக் கொடுப்பது?

யோசித்து யோசித்து, கடைசியில் அரக்கோணம் சாலையில் ஸ்கூட்டர் பழுது பார்க்கும் குலாம் ரசூலிடம் போனார். கார்புரேட்டர் அடைப்பு என்றால் அந்த வட்டாரத்தில் குலாம் ரசூல்தான்.

"பாய், ஒரு சின்ன வேலை. யாருக்கும் தெரியக் கூடாது."

"வண்டி எங்க சார்?"

பரந்தாமன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கருவியை அவர் உள்ளங்கையில் வைத்தார். குலாம் ரசூல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க சிகரெட்டை மிதிச்ச போட்டோ பஸ் ஸ்டாண்டுல பேனரா தொங்கிகினு இருக்குதே சார்?"

"அது சிகரெட், பாய். இது கருவி."

"சர்தான்" என்றார் குலாம் ரசூல். "இதுவும் கார்புரேட்டர் மாதிரிதான். எண்ணெய் வர்ற வழி ஒண்ணு, காத்து வர்ற வழி ஒண்ணு. ரெண்டுல ஒண்ணு அடைச்சிகினு இருக்கும்."

பழைய நாளிதழை விரித்துக் குப்பியைக் கழற்றினார். அடியில் கசிந்த எண்ணெய் வெல்லப்பாகு மாதிரி தேங்கியிருந்தது. அதில் ஓர் எறும்பு, தூய சுவாசம் பெற்றுக் கிடந்தது. டிஷ்யூ தாளைத் திரித்து ஒற்றி எடுத்தார். காது குடையும் பஞ்சுக் குச்சியால் பேட்டரி முனையைத் துடைத்தார். பிறகு பக்கவாட்டிலிருந்த கடுகளவு ஓட்டையை டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இதோ. பஞ்சுத் தூசு. அதுமேல விபூதி."

பரந்தாமனின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. மலைக்கோயில் விபூதிப் பொட்டலமும் கருவியும் ஒரே பையில்தான் குடியிருந்தன.

"முருகனே அடைச்சிட்டாரா பாய்?"

"தறியும் கோயிலும் சேந்து அடைச்சிருக்குது சார்."

"தண்ணி ஊத்திக் கழுவிடுங்களேன்."

"பேட்டரி பூடும்." குலாம் ரசூல் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஓட்டையை மெதுவாகத் தேய்த்துத் தட்டி, மின்விசிறிக்கு எதிரே காயவைத்தார். அந்த அரைமணி நேரத்தையும் செயலாளர் வீணாக்கவில்லை. பக்கத்து டீக்கடையில் பீடி பற்றவைத்த ஒருவரைப் பிடித்து நிறுத்தி விழிப்புணர்வு ஊட்டினார்.

காய்ந்ததும் உறிஞ்சிப் பார்த்தார். ஆவி வந்தது. ஆனால் அரைகுறையாக வந்தது. இருமல்தான் முழுசாக வந்தது.

"இன்னும் அடைப்பு இருக்குது பாய்."

குலாம் ரசூல் மறுபடி கழற்றினார், துடைத்தார், மாட்டினார். மூன்றாம் முறை, ரப்பர் பம்பை ஓட்டையில் வைத்து அமுக்கிக் காதருகே பிடித்துக் கேட்டார். "காத்து ஜோரா போவுது. வண்டில கோளாறு இல்ல சார். ஓட்டுறவரைத்தான் பாக்கணும்."

பரந்தாமன் பெரிதாகச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க இரண்டு டம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. முகாமின் சிறப்பு அம்சமாக, குழு சொந்தமாக வாங்கிய 'மூன்று பந்துக் கருவி'யை நர்ஸ் கல்பனா மேசைமேல் வைத்தாள். மூன்று பிளாஸ்டிக் குழாய்கள், குழாய்க்கு ஒரு பந்து. வாய்வைத்து மூச்சை உள்ளே இழுத்தால், நுரையீரலின் தகுதிக்கேற்பப் பந்துகள் மேலே எழும். தொடங்கிவைக்கச் செயலாளரை அழைத்தார்கள். உறிஞ்சுவதில் அவருக்கிருந்த அனுபவத்தைப் பார்த்தால் பொருத்தமான தேர்வுதான்.

பரந்தாமன் இழுத்தார். முதல் பந்து, மனுக் கொடுக்க வந்தவரைப் பார்த்த அதிகாரி மாதிரி இலேசாக அசைந்து, மறுபடி உட்கார்ந்துவிட்டது. மற்ற இரண்டும் அந்த மரியாதைகூடக் கொடுக்கவில்லை.

"காற்றுவழி அடைப்பு!" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார் பரந்தாமன். "டிஷ்யூ தாள் எடுத்துட்டு வாங்க. பஞ்சுக் குச்சி, பழைய பிரஷ். தண்ணி மட்டும் வேணாம்."

அத்தனை பேர் முன்னிலையில் அவர் கருவியைக் கழற்றித் துடைத்து மாட்டிய நேர்த்தியைக் கண்டு சபையே வியந்தது. இதெல்லாம் எங்கே கற்றார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. மறுபடி இழுத்தார். பந்துகள் அசையவில்லை.

கல்பனா வாய்க்குழலை மாற்றி, முன்வரிசையிலிருந்த வள்ளிநாயகியிடம் நீட்டினாள். வள்ளிநாயகி கூச்சத்துடன் ஓர் இழுப்பு இழுத்தாள். மூன்று பந்துகளும் 'டக்'கென்று உச்சியில் போய் நின்றன.

வள்ளிநாயகி பந்துகளைப் பார்க்கவில்லை, கணவனைப் பார்த்தாள். பரந்தாமனுக்குத் தன் மூச்சு தனக்கே கேட்டது. எண்ணெய் போடாத தறி மாதிரி அது கிறீச்சிட்டது. முதல்முறையாக அவருக்குப் பயமாக இருந்தது.

"மெஷின்ல அடைப்பு இல்ல சார்" என்றாள் கல்பனா மெதுவாக. "நாளைக்கே ஆஸ்பத்திரி பக்கம் வாங்க. நெஞ்சைப் பாத்துடலாம்."

"வரேம்மா" என்று சொல்லத்தான் அவர் வாயெடுத்தார்.

"நீ உக்காரு பாவா!" என்று அக்காள் கணவரை அமர்த்திவிட்டுத் தலைவர் ஜெகநாதன் எழுந்தார். மேடையிலேயே அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. 'செயலாளர் அவர்களின் மூச்சை அளக்கும் தகுதி இக்கருவிக்கு இல்லை' என்ற தீர்மானம் முன்மொழியப்பட்டது, வழிமொழியப்பட்டது, ஒருமனதாக நிறைவேறியது.

"மெஷின் நல்லாத்தானேடா கீது?" என்றாள் வள்ளிநாயகி. குரல் உடைந்திருந்தது. "அவருக்குத்தான்டா மூச்சு வாங்குது!"

"நீ உறுப்பினர் இல்லக்கா" என்றார் ஜெகநாதன்.

பழுதானதை உரிய இடத்துக்கு அனுப்பிவைப்பதில் அந்தக் குழு காட்டிய வேகத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். மறுநாள் காலையே, மூன்று பந்துகளும் பஞ்சு சுற்றிய பெட்டியில் பத்திரமாகக் கடைக்குத் திரும்பிப் போயின. பரந்தாமனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பத்தான் உறுப்பினர் யாரும் முன்மொழியவில்லை.