பனிக்குள் இரண்டு ராகு காலம்

மல்கிரேவ், மெல்பேண்
ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்புக்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

நானும் என் பத்து விரல்களும் சுகம். உங்கள் சுகத்துக்கும் பெரியம்மாவின் முழங்காலுக்கும் நல்லூரானை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இதை வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவீர்கள். நேற்றுப் பின்னேரம் பெண் வீட்டார் முன்னால் நான் வந்து நிற்காததைப் பற்றி நீங்கள் பேசி அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாவற்றையும் கேட்டேன். படிக்கப் போன இடத்தில் எனக்குத் திமிர் பிடித்துவிட்டது என்கிறீர்கள். என்னைப் பிடித்தது பனி, பெரியப்பா. பிடித்துக் கொடுத்தது உங்கள் பஞ்சாங்கம்.

நீங்கள் செய்த ஏற்பாடு அருமையானதுதான். பெண் வீட்டார் சிட்னியில் மெரிலேண்ட்ஸிலிருந்து இங்கே கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு வருவதாகவும், போகிற வழியில் நான் தங்கியிருக்கும் சிறி அங்கிள் வீட்டில் தேநீர் குடிப்பதாகவும், அங்கே நானும் அவர்களுடைய மகள் ராகவியும் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வதாகவும் திட்டம். இந்தத் தற்செயலுக்காக நீங்கள் மூன்று மாதம் அலைந்திருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தைக்கூடப் படிப்புக் கெட்டுவிடும் என்று நான் திறக்கவில்லை. காலையில் அங்கிளின் மனைவி யோகா அன்ரி தேநீருக்கு ரோல்ஸ் சுற்றத் தொடங்கியதும், பின்னேரம் வரைக்கும் வீட்டுப் பக்கம் வரக் கூடாது என்று அங்கிளையும் என்னையும் குசினியிலிருந்து துரத்திவிட்டார். நாலு வருடமாக மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவன் ஒருநாளாவது பனியைப் பார்க்க வேண்டாமா என்று அங்கிள் காரை எடுத்தார். எடுத்தவர் உடனே நிறுத்தினார். கோயில் கலண்டரில் மெல்பேண் ராகு காலம். அது முடிந்து, நாங்கள் பனிமலை ஏறியபோது மத்தியானம் கடந்துவிட்டது.

வானிலை அறிக்கை லேசான தூறல் என்றுதான் சொன்னது. தூறவும்தான் செய்தது, அழகாகவும் இருந்தது, நானும் நாலைந்து படம் எடுத்தேன். பிறகு யாரோ வானத்திலிருந்து கோதுமை மா மூட்டைகளை அவிழ்த்துவிட்டது போலக் கொட்டத் தொடங்கியது. பாதையை மூடப் போகிறார்கள், எல்லோரும் இறங்குங்கள் என்று செம்மஞ்சள் சட்டை போட்ட அதிகாரி ஒருவர் கார் காராகச் சொல்லிக்கொண்டு வந்தார். சரியாக அந்த நேரத்தில்தான் உங்கள் செய்தி வந்தது. யாழ்ப்பாணத்தில் இப்போது ராகு காலம், மெல்பேண் நேரத்துக்கு மூன்று மணி வரைக்கும் வாகனத்தைக் கிளப்பாதே என்று. ஒரே நாளில் ஒரே ராகு இரண்டு தரம் வர முடியாது என்று அங்கிளிடம் வாதாடிப் பார்த்தேன். "பொம்பிளை பாக்கிற நாள் தம்பி. ரெண்டையும் அனுசரிப்பம்" என்றுவிட்டார்.

அதிகாரியிடம் ராகுவுக்காகக் காத்திருக்கிறோம் என்று அங்கிள் ஆங்கிலத்தில் விளக்கினார். அவர் எப்போது வருவார் என்று அந்த மனிதர் அக்கறையாகக் கேட்டார். அவர் வந்துவிட்டார், மூன்று மணிக்குப் போய்விடுவார் என்றார் அங்கிள். அதிகாரி எங்களை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, அதே ஆளுக்காகக் காத்திருக்கும் இன்னொரு கார் அந்த மூலையில் நிற்கிறது என்று கைகாட்டிவிட்டுப் போனார்.

அந்தக் காரில் ஒரு பெண் தனியாக இருந்தாள். தாய் தகப்பனைச் சாமி கும்பிட விட்டுவிட்டுப் பனி பார்க்க வந்தவளாம்; அவளுடைய அப்பாவும் ஊர்ப் பஞ்சாங்கம்தானாம், மூன்று மணிவரை கிளம்பாதே என்று செய்தி அனுப்பியிருந்தாராம். மூன்று மணியானது, ராகு போனார், பாதையும் போனது. கீழே மரம் ஒன்று விழுந்து, பனி அகற்றும் வண்டி வரும்வரை யாரும் அசைய வேண்டாம் என்றுவிட்டார்கள். அவளுடைய காரில் பெற்றோல் குறைவு என்பதால் எங்களுடைய காருக்குள் வந்து ஏறினாள். சும்மா ஏறவில்லை, புகைக்குழாயைப் பனி மூடினால் உள்ளே இருப்பவர்கள் செத்துப்போவோம் என்று சொல்லி, முதலில் கையால் கிண்டித் துப்புரவாக்கினாள். நான் வெறுங்கையோடு உதவிக்குப் போனேன். என் விரல்களைப் பார்த்துவிட்டு ஒரு கையுறையைக் கழற்றித் தந்தாள். ஆளுக்கு ஒரு கையாகக் கிண்டினோம். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது, பெரியப்பா. அவள் பக்கத்தில் நின்றதால் வெளியில் காட்டவில்லை.

பிறகு பசித்தது. அவள் ஒரு பெரிய டப்பாவைத் திறந்தாள், பயித்தம் பணியாரம். மல்கிரேவில் மண் ஆராய்ச்சி செய்கிற ஒரு மாப்பிள்ளை வீட்டுக்கு அம்மா தந்துவிட்டது, இனி எங்கே கொடுப்பது, சாப்பிடுங்கள் என்றாள். அங்கிள் மெல்லுவதை நிறுத்தினார். நான் யார் என்று சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் வேண்டாம் எண்டு சொல்லத்தான் வந்தனான்."

"நானும்" என்றேன்.

அங்கிள் இன்னொரு பணியாரத்தை எடுத்தார்.

வண்டி வந்து நாங்கள் வீடு சேர்ந்தபோது அவளுடைய தாய் தகப்பன், தங்கள் மகளும்தான் வரவில்லை என்பதை மறந்து, ரோல்ஸைத் தொடாமல் கோபித்துக்கொண்டு போயிருந்தார்கள். அது போகட்டும். காருக்குள்ளேயே நானும் ராகவியும் மிகவும் நிதானமாகப் பேசி, இது சரிவராது என்று ஒருமனதாக முடிவு செய்துவிட்டோம். ஆகவே நீங்கள் அவளுடைய தகப்பனாரிடம் பக்குவமாகச் சொல்லி, இந்தப் பேச்சை இத்துடன் முடித்துவிடுங்கள். படிப்பு முடியும்வரை எனக்குக் கல்யாணம் வேண்டாம். அத்துடன், இனி எனக்கு நேரம் பார்த்து அனுப்பவும் வேண்டாம். ஒரு ராகுவையே தாங்க முடியாதவன் நான்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் இருவரின் ஆசியும் கொஞ்சம் வெயிலும் வேண்டி நிற்கும்,

உங்கள் மகன்
சுபாங்கன்

பிற்குறிப்பு: மேலே உள்ளதை, காரில் பேசிக்கொண்டபடியே எழுதி உறையிலும் போட்டுவிட்டேன். ஒட்டப் போகும்போது ராகவி எனக்குப் போன் எடுத்தாள். தன்னுடைய மற்றக் கையுறை என்னிடம் இருக்கிறதாம், தபாலில் போட வேண்டுமாம். ஒற்றைக் கையுறையைத் தபாலில் அனுப்புவது மரியாதை இல்லை, நேரில் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். அவ்வளவு தூரமா என்று கேட்டாள். பிறகு "ஓம்" என்றாள். வருகிற சனிக்கிழமை மெரிலேண்ட்ஸ் போகிறேன். ஆகையால் அவளுடைய தகப்பனாரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் புறப்பட ஒரு நேரம் பார்த்து உடனே அனுப்புங்கள். முடிந்தால் ராகு காலமாகவே பாருங்கள்.