சாய்வு நாற்காலிக்கு மேல் ஒரு குடித்தனம்

இந்த வருஷமும் பின்பக்கச் சுவருக்கு பெயின்ட் அடிப்பதில்லை என்று சபதம் செய்தேன். மனதுக்குள்தான். வாய்விட்டுச் சபதம் செய்யும் தைரியம் கல்யாணத்தோடு போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஏற்பட்டதே பின்பக்க வராந்தாவில் என் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடத்தான் என்பது என் கட்சி. பெயின்ட் வாளிக்காக என்பது என் மனைவியின் கட்சி. வாளி வந்தாயிற்று. பிரஷ் வந்தாயிற்று. ஏணி கூடத் தயார். நான் மட்டும்தான் பாக்கி.

அப்போதுதான் மூளை வேலை செய்தது. கடைக்கு ஓடிப்போய்க் குருவி கூடு கட்டும் மரப்பெட்டி ஒன்று வாங்கிவந்து, அதே சுவரின் நட்டநடுவில் மாட்டினேன்.

"என்னங்க இது?"

"சிட்டுக்குருவிக்கு வீடு."

"அப்போ பெயின்ட்?"

"எப்படி அடிக்கிறது? பயந்து ஓடிடாதா? குஞ்சு பறக்கிற வரைக்கும் பெட்டிக்குப் பத்தடிக்குள்ள யாரும் போகக் கூடாது. சட்டம்!"

"யார் போட்ட சட்டம்?"

"ஏன், இந்த வீட்டுல நான் ஒரு சட்டம் போடக் கூடாதா?"

"தாராளமா போடுங்க. எழுதியும் மாட்டிடுங்க. அப்புறம் நீங்களே மறந்துடுவீங்க."

கொட்டை எழுத்தில் எழுதி மாட்டினேன். என் வார்த்தை அந்த வீட்டில் சுவரேறியது அதுதான் முதல் தடவை.

ஒரு ஜோடி வந்தது. ஆண் குருவிக்குக் கழுத்தில் கறுப்புத் தாடி. பெட்டிமேல் ஏறி நின்று கீச் கீச்சென்று வீட்டின் அருமை பெருமைகளை எடுத்துச் சொன்னான். அவள் தலையை உள்ளே விட்டாள். வெளியே எடுத்தாள். அவனைப் பிடித்து ஒரு பாட்டம் திட்டிவிட்டுப் பறந்துபோனாள். அவனும் பின்னாலேயே போனான். எனக்குத் தெரியாதா அந்தக் கஷ்டம்!

தினமும் இதே கதை. என் மனைவி பரிதாபமாகக் கேட்டாள்:

"ஏங்க, பறவைப் புஸ்தகம் வாங்கினீங்களே, அதுல என்ன போட்டிருக்கு?"

அவள் என்னிடம் சந்தேகம் கேட்பதா! தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன்.

"பெட்டிமேல வெயில் அடிக்கக் கூடாது. மழை படக் கூடாது. நிழலா, அமைதியா இருக்கணும்."

"அப்படியா?" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் அலுவலகத்திலிருந்து திரும்பினால் சுவரில் பெட்டியைக் காணோம். வராந்தாவுக்கு ஓடினேன். என் நாற்காலிக்கு நேர் மேலே பெட்டி. அதன் பக்கத்திலேயே என் சட்டம். பெண் குருவி உள்ளே, தாடிக்காரன் வாயில் வைக்கோல்.

"யாரு இதை இங்க மாட்டினது?"

"மெதுவா பேசுங்க. இப்பத்தான் குடிவந்திருக்காங்க."

"என் நாற்காலி?"

"பத்தடிக்குள்ள யாரும் போகக் கூடாதே."

"நான் எங்க உட்கார்றது?"

"எதுக்கு உட்காரணும்? சுவர்தான் காலியாயிடுச்சே."

ஞாயிறுதோறும் ஏணி ஏறினேன்.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏணி உச்சியிலிருந்து அந்தக் குடித்தனம் முழுதும் தெரிந்தது. மூன்று மஞ்சள் வாய்கள் ஒன்றாகத் திறக்கும். தாடிக்காரன் புழுவோடு ஓடிவருவான், திட்டு வாங்குவான், மறுபடி ஓடுவான். சிரித்துச் சிரித்து என் சட்டைக்கே பாதி பெயின்ட் அடித்துவிட்டேன். முதல் குஞ்சு தத்தித் தத்திப் பறந்துவந்து என் வாளிக் கைப்பிடியில் உட்கார்ந்தபோது, மூச்சே விடாமல் நின்றேன். அவ்வளவு சந்தோஷம். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவளும் மூச்சு விடவில்லை.

சுவர் முடிந்தது. குஞ்சுகளும் பறந்துவிட்டன. சட்டம் காலாவதி! ஓடிப்போய் நாற்காலியில் விழுந்து கண்ணை மூடினேன். மூக்கின்மேல் ஏதோ விழுந்தது. வைக்கோல்.

"மறுபடியுமா?" என்று அலறினேன்.

"வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை குஞ்சு பொரிக்குமாம். உங்க புஸ்தகத்துலதான் போட்டிருக்கு" என்றாள் உள்ளேயிருந்து.

"நான் பார்க்கலையே!"

"நான் பார்த்தேன். எழுந்திருங்க."

எழுந்தேன். நாற்காலித் தலையணையின் தையல் பிரிந்து கிடந்தது. தாடிக்காரன் அதிலிருந்து பஞ்சை இழுத்துக்கொண்டு மேலே பறந்தான்.

"தலையணையைப் பிரிச்சது யாரு?"

"பாவம், மெத்தைக்கு அது எங்க போகும்?" என்றபடி வாளியைக் கையில் கொடுத்தாள். சமையலறைக்கு மஞ்சள் பெயின்ட்டாம்.