நேமத்தான்பட்டி வாசல் படமும் சம்பந்தி வீட்டு ஆணியும்

அமராவதிபுதூர்

மதிப்பிற்குரிய சம்பந்தி வீரபாண்டியன் அவர்களுக்கு,

மாயக்கண்ணன் கைகூப்பி எழுதுவது. நானும் சோணையம்மாளும் சுகம். திண்டுக்கல்லில் தாங்களும், எங்கள் மகள் காளீஸ்வரியும், மாப்பிள்ளையும், தங்கள் மூட்டுவலி நீங்கலாக, நலமாயிருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். ரெண்டு நாளாகத் தங்கள் போன் பிசி என்றே வருகிறது. ஆகவே கடிதம்.

போன தீபாவளிக்குத் தங்கள் கன்னியாகுமரிப் படங்களை டிவியில் ஓட்டிக் காட்டினீர்கள். இலையில் சோறு ஆறுகிற வரைக்கும் பார்த்தோம். நான் எடுத்த தொண்டிக் கடலை நீட்டியபோது, "என்ன சம்பந்தி, கடல் ஒரு பக்கமாச் சாஞ்சு கெடக்கு? ஒங்களுக்குக் கை வராது, விட்டுருங்க" என்று என் மகள் முன்னாலேயே சொன்னீர்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் வாயாலேயே நல்லாருக்கு என்று சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று மாப்பிள்ளை வாங்கித் தந்த காமிராவைத் தூக்கினேன்.

முதலில் மறுபடி தொண்டி. கரையோரம் கட்டியிருந்த வள்ளத்தில் ஏறி நின்று எடுத்தேன். வள்ளம் ஆடியதில் கடல் இந்தத் தடவை வலப்பக்கம் சாய்ந்துவிட்டது. சோணையம்மாள் பார்த்துவிட்டு, "அன்னைக்கு அங்குட்டுச் சாஞ்சுச்சு, இன்னைக்கு இங்குட்டு. ரெண்டையும் சேத்துப் பாத்தாச் சரியாத்தான் இருக்கு" என்றாள். இனி ஆடாத பொருளாகப் பார்ப்போம் என்று நேமத்தான்பட்டிக்குப் பஸ் ஏறினோம்.

அங்கே செட்டியார் வீடுகளுக்கு ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல். கதவெல்லாம் திறந்திருந்தால் முன்னால் நின்று பின்தெருவில் போகிற ஆட்டைப் பார்க்கலாம். அந்த ஒரு படம் எனக்கு வேண்டும். ஆனால் வீடுகள் பூட்டியே கிடக்கும். அன்று ஒரு வீட்டில் கல்யாணம், கதவெல்லாம் திறந்திருந்தது. பேசி வைத்த போட்டோகிராபர் வண்டி பஞ்சராகி வழியில் நிற்க, கழுத்தில் காமிராவோடு எட்டிப்பார்த்த என்னை ஒரு ஆச்சி, "இம்புட்டு நேரமா வர்றது? உள்ள வாங்க" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அவனில்லை என்று சொல்ல வாயெடுக்குமுன் நம்ம வீட்டம்மா பந்தியில் உட்கார்ந்தாச்சு, அப்புறம் என்னத்தைச் சொல்றது. வேலையில் இறங்கினேன். என்ன மரியாதை என்கிறீர்கள். "தூணை மறைக்காதீக" என்றால் கல்யாண மாப்பிள்ளையே நகர்கிறார். தூண், சரவிளக்கு, தரைக்கல், மேல்மாடிச் சன்னல், ஒன்று விடவில்லை. வாசல் மட்டும் கூட்டத்தில் மறைந்துகொண்டே இருந்தது. திடீரென்று மேளம் பலத்தது, சனம் மொத்தமும் ஒரு பக்கமாக ஒதுங்கி மணவறையைச் சுற்றிக்கொண்டது. முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை ஈ காக்கை இல்லை. தரையில் படுத்து எடுத்தேன் சம்பந்தி. ஒன்றுக்குள் ஒன்றாகக் கதவுகள், கடைசியில் வெயிலில் ஒரு ஆடு. எதுவும் சாயவில்லை.

அவர்கள் படங்களை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டார்கள். பெண்ணின் தங்கை சுபலட்சுமி இந்த ஒன்றை வாட்ஸ்அப்பில் போட, காரைக்குடியே பார்த்துவிட்டது. ஒரு நகைக்கடைக்காரர் கேட்டு வாங்கி அடுத்த வருசக் காலண்டரில் போடுகிறார். கீழே எடுத்தவர் பேரும் உண்டாம். உங்கள் டிவிக்கு மேலேயே மாட்டுமாறு காளீஸ்வரியிடம் சொல்லியிருக்கிறேன், ஆணியும் கொடுத்தனுப்புகிறேன். தேதி பார்க்கும்போதெல்லாம் பாருங்கள். எனக்குக் கை வருமா, வராதா?

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசிகள். மூட்டுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்க்கவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
மாயக்கண்ணன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில், நகைக்கடையில் கேட்டு வைத்திருந்த மாதிரிக் காலண்டர் கைக்கு வந்தது. படம் அருமை. கீழே "படம்: திண்டுக்கல் வீரபாண்டியன்" என்று போட்டிருக்கிறது. விசயம் என்னவென்றால், அந்த மேளம் தாலி கட்டுக்கு அடித்த மேளம். லேப்டாப்பைப் பார்த்த ஆச்சி, "தாலி கட்டுன படம் எங்க? ஆடுதான இருக்கு" என்றார். நான் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தேன். "ஒங்க பேரென்ன?" என்று கேட்டதும் வாயில் உங்கள் பேர்தான் வந்தது. நம்பரும் உங்களுடையதையே கொடுத்துவிட்டேன். காலண்டர் சந்தோசத்தில் அது மறந்தே போச்சு. பெண்ணின் மாமன்மார் திண்டுக்கல்லுக்குக் கார் பேசியிருப்பதாகக் கேள்வி. படம் என்னுடையது என்று நான் இப்போது சொன்னால் கார் இங்குட்டுத் திரும்பிவிடும். வாசலை நான் எடுத்ததாகவும், தாலியை நீங்கள் விட்டதாகவும் சொல்ல ஏதாவது வழி இருந்தால் உடனே எழுதவும்.