மக்கு என்பது ஏவல் வினை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடல்நலத்தோடு இருக்கிறோம், பேச்சுவார்த்தைதான் இல்லை. நீங்களும் மகளும் புது வீட்டில் பெயின்ட் நெடி தலைக்கேறாமல் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பெயின்ட் காயும்வரை எங்களோடு இருப்பதாக வந்தவர்கள் பாதியிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதன் காரணத்தை நேற்றுத்தான் மகள் சொன்னாள். நான் ஃபோன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. ஆயுள் முழுக்க இலக்கணம் நடத்தியவன் என்பதால் எழுத்திலேயே விளக்கிவிடுகிறேன், பொறுமையாக வாசிக்கவும்.

நீங்கள் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த பின்னறை ஜன்னலுக்கு நேர் கீழே என் உர டிரம் இருக்கிறது. தோட்டத்துக்காகக் காய்கறித் தோலையும் காய்ந்த இலையையும் அதில் போட்டு வருகிறேன். நீங்கள் கிளம்பிய அன்று காலை "மக்கு... மக்கு... சீக்கிரம் மக்கு" என்று நான் சொன்னது அந்தக் குப்பையிடம். அது பெயர்ச்சொல் அன்று, ஏவல் வினை. 'படி' என்றால் மாடிப்படியும் உண்டு, 'பாடத்தைப் படி' என்பதும் உண்டு, அதைப் போலத்தான் இதுவும். வகுப்பில் எந்தப் பிள்ளையையும் அந்தச் சொல்லால் நான் அழைத்ததில்லை, மாப்பிள்ளையை அழைப்பேனா?

அடுத்து, அத்தை கேட்டது: "வந்து இத்தனை நாளாச்சு, ஒரு மாத்தமும் தெரியலையே?" அது டிரம்மைப் பற்றி. "காலையில போட்டுக் கிளறினாத்தான் கொஞ்சமாவது சூடு வருது, இல்லன்னா சும்மாவே கெடக்குது" என்று நான் சொன்னதும் டிரம்மைத்தான். மக்கும்போது உள்ளே சூடு ஏறணும் மாப்பிள்ளை, ஏறவே இல்லை. "போடறதையெல்லாம் வாங்கிக்குது, பலன்தான் ஒண்ணுமில்ல" என்றதும் அதைத்தான். "வாயைத் தொறந்தாலே குடலைப் பொரட்டுது" என்றாள் அத்தை, டிரம்முக்கும் வாய் உண்டே. "பேசாம பொண்ணுக்குத் தெரியாம வேற ஒண்ணு பாத்துடலாமா?" என்றும் கேட்டாள். அந்த டிரம் நான் ஓய்வு பெற்றபோது மகள் ஆசையாக வாங்கிக் கொடுத்தது, தெரிந்தால் வருத்தப்படுவாளே என்றுதான் அந்த ரகசியம். "அவசரப்படாதே, ராத்திரி ரெண்டு கை புழுவை உள்ள விட்டா தானா வழிக்கு வரும்" என்றேன். அப்போது ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. காற்று என்று நினைத்துக்கொண்டேன், மாப்பிள்ளை.

உங்கள்மேல் எனக்கு என்ன குறை? சார்ஜர் வயரைக்கூடப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டு வைக்கும் சுத்தக்காரர். ராத்திரி சாப்பிடும் ஆரஞ்சின் தோலை யாரும் சொல்லாமலே டிரம்மில் சேர்த்தவர். என் வகுப்பில் இருந்திருந்தால் உங்களைத்தான் லீடராகப் போட்டிருப்பேன்.

அத்தை நேற்று என்னிடம் கடைசியாகப் பேசியது இது: "மாப்ள திரும்பி வரலைன்னா அந்த டிரம்மு தெருவுக்குப் போயிரும், சொல்லிட்டேன்." நான் விடுவதாக இல்லை. குப்பையும் மக்கணும், மாப்பிள்ளையும் வரணும். விளங்காத பாடத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் முதலிலிருந்து நடத்துவேன். இன்றைக்கே டிரம்மைக் கவிழ்த்துப் புதிதாகத் தொடங்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் வந்தே ஆக வேண்டும்.

ஒருவர் பேச்சை ஒருவர் தப்பாகக் கேட்காமல் நீங்கள் இருவரும் நெடுநாள் வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் டிரம்மைக் கவிழ்த்தேன். உள்ளேயிருந்து வரிசையாக விழுந்தன, பிளாஸ்டிக் பையில் போட்ட ஆரஞ்சுத் தோல்கள். ஒவ்வொரு பைக்கும் இரட்டை முடிச்சு. காற்றுப் புக வழியே இல்லை, பிறகு எங்கிருந்து சூடு வரும்? எட்டிப் பார்த்த அத்தை சிரிக்கத் தொடங்கியவள் இன்னும் நிறுத்தவில்லை; பேச்சுவார்த்தை திரும்பிவிட்டது. வீண்பழி சுமத்தியதற்கு டிரம்மிடம் நான் மன்னிப்புக் கேட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வரவும், முடிச்சுகளை நீங்கள்தான் அவிழ்க்க வேண்டும். மேலே 'அது பெயர்ச்சொல் அன்று' என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டு வாசிக்கவும்.