ஏரிக்கரைக்குப் போகாத எழுத்தாளர்

மூன்று மாதம். ஏரிக்கரையில் தனி அறை. வேளாவேளைக்குச் சாப்பாடு வாசலுக்கே வந்துவிடும். கதவைக்கூடத் தட்ட மாட்டார்கள். எழுத்தாளரின் சிந்தனை கலைந்துவிடுமாம். குடும்பத்துக்கு அனுமதி இல்லை. இந்தக் கடைசி விதியைப் படித்தபோது ஆனந்தத்தில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

வெளிநாட்டில் ஓர் எழுத்தாளர் இல்லம். அங்கே தங்கி நாவல் எழுத என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். "வர முடியலேன்னா உடனே சொல்லிடுங்க. அடுத்தவங்க காத்திருக்காங்க" என்றார் அதன் மேனேஜர் போனில். காத்திருக்கட்டும். நானா விடுவேன்?

மனைவியிடம் சொல்வதுதான் பாக்கி. அவள் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள். பழங்காலப் பூட்டுகளைப் பற்றி வருஷக்கணக்காக ஆராய்ச்சி வேறு. அதைச் சமையலறை மேசையில், வெங்காயத்துக்கும் விடைத்தாளுக்கும் நடுவே உட்கார்ந்து எழுதுவாள். வீட்டில் இருக்கும் ஒரே தனி அறையில் நான் எழுதுவேன். எழுத்தாளனுக்குத் தனிமை வேண்டாமா?

அழுகைக்கும் சண்டைக்கும் தயாராகத்தான் போனேன்.

"மூணு மாசம் வெளிநாடு போறேன்."

"போயிட்டு வாங்க."

"மூணு மாசம்மா!"

"ஏன், ஆறு மாசம் தர மாட்டாங்களாமா?"

எனக்குச் சுருக்கென்றது.

அன்று மாலையே பெட்டியைத் துடைத்து வைத்தாள். என் கம்பளிச் சட்டையை எடுத்து வெயிலில் போட்டாள். நடுநடுவே பாட்டு வேறு. கல்யாணமானதிலிருந்து அவள் பாடி நான் கேட்டதே இல்லை. மறுநாள் என் எழுத்தறைக்குள் நுழைந்தால், அளவு டேப்போடு நிற்கிறாள்.

"என்ன அளக்குற?"

"சும்மாதான். இங்க கட்டில் போட்டா கதவு திறக்குமான்னு பார்த்தேன்."

"யாருக்குக் கட்டில்?"

"ஊருக்குக் கிளம்புற ஆளுக்கு அதெல்லாம் எதுக்கு?"

பிறகு தன் தம்பியோடு போனில் குசுகுசுப்பு. "அவர் கிளம்பட்டும், சொல்றேன்" என்பது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது.

புரிந்துவிட்டது! என் மச்சினன் போன தடவை "ரெண்டே நாள்" என்று வந்தவன். அவனைக் கிளப்ப நாங்கள் வீடே மாற வேண்டியிருந்தது. நான் விமானம் ஏறியதும் அவன் என் அறையில் கட்டில் ஏறிவிடுவான். திரும்பி வந்தால் என் வீட்டில் நான் விருந்தாளி.

மேனேஜரை அழைத்து, வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மீசையை நீவிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

"நான் போகல. இந்த வீட்டை விட்டு ஒரு அடி நகர மாட்டேன். உன் திட்டமெல்லாம் எங்கிட்ட பலிக்காது!"

"அவங்ககிட்ட சொல்லியே விட்டீங்களா? அப்புறம் மாத்திப் பேச மாட்டீங்களே?"

"நான் சொன்னா சொன்னதுதான்!"

அப்போது அவள் போன் அடித்தது. "ஆமா சார். கண்டிப்பா வர்றேன் சார்" என்று வைத்துவிட்டு, பெட்டியிலிருந்து என் கம்பளிச் சட்டையை எடுத்து வெளியே போட்டாள். தன் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"எங்க கிளம்புற?"

"ஏரிக்கரைக்கு. பூட்டு ஆராய்ச்சியை எழுதி முடிக்க நானும் அங்க இடம் கேட்டிருந்தேன். காத்திருந்த ஆள் நான்தான்."

"அப்ப அந்த டேப்பு? பாட்டு?"

"போகாதீங்கன்னு சொல்லியிருந்தா நீங்க கட்டாயம் போயிருப்பீங்களே!"

நான் நாற்காலியில் சரிந்தேன். ஒரே ஓர் ஆறுதல்தான் மிச்சம்.

"அப்ப உன் தம்பி வரலைதானே?"

"வராம? உங்களுக்குத் துணை வேணாமா? சாயங்காலம் கட்டிலோட வர்றான்."

"நான் எங்க உட்கார்ந்து எழுதுறது?"

"சமையலறை மேசை காலியாத்தான் இருக்கு. வெங்காயத்தை மட்டும் கொஞ்சம் ஓரமா நகர்த்திக்குங்க."